சின்ன வத்தகப்பழமும் வெள்ளரிப்பழமும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எங்கள் வீட்டில் இப்போது இரண்டே பேர். ஏழு கிலோ வத்தகப்பழம் (தர்பூசணி) ஒன்றை வாங்கிவந்தால் பாதியை நாங்கள் தின்போம், மிச்சம் பக்கத்து வீட்டு மாட்டுக்குப் போகும். பிள்ளைகள் வெளிநாட்டில், பெரியவர்கள் மட்டும் இங்கே என்றிருக்கிற வீடுகள் யாழ்ப்பாணத்தில் ஒழுங்கைக்கு நாலு இருக்கும். அதனால்தான் ஒன்றரை, இரண்டு கிலோப் பழங்களின் பக்கம் போனேன். வாங்கித் தின்றதோடு நிற்காமல், கோப்பாய்ப் பக்கம் ஒரு பரப்புத் தறையில் சிறிதாக நடவும் தொடங்கினேன். அதற்குப் பிறகு சொந்தக்காரரும் அக்கம்பக்கத்தாரும் கேட்டுக்கொண்டே இருக்கிற கேள்விகள் இவை.

சின்னப் பழம் என்றால் எது எது?

மூன்றைச் சொல்கிறேன். ஒன்று, சிறிய வத்தகப்பழம். கடும்பச்சைத் தோலும் உருண்டை வடிவமுமாக வருகிற 'சுகர் பேபி' நெடுங்காலமாகப் புழக்கத்தில் உள்ள இனம். நன்றாகப் பராமரித்தால் மூன்று, நாலு கிலோ வரும், எங்கள் தறையில் இரண்டைத் தாண்டுவதே அருமை. இதைவிடச் சிறிய கலப்பின விதைகளும் இப்போது கிடைக்கின்றன. இரண்டாவது, நம் ஊர் வெள்ளரிப்பழம். மூன்றாவது, வலைபோட்ட தோலோடு வருகிற முலாம்பழம். வெள்ளரிப்பழமும் முலாம்பழமும் ஒரே இனத்துப் பிள்ளைகள். வத்தகப்பழம் அதே குடும்பம்தான், ஆனால் சாதி வேறு. இந்த வேறுபாடு பழுக்கவைப்பதிலும் சேமிப்பதிலும் முக்கியமாக வரும், கீழே பாருங்கள்.

சந்தையில் வத்தகப்பழத்தை எப்படிப் பார்த்து எடுப்பது?

முதலில் கவிழ்த்துப் பாருங்கள். மண்ணில் படுத்திருந்த இடம் ஒரு தட்டளவு வெளிறித் தெரியும். அது வெண்ணெய் நிறம் கடந்து மஞ்சளாகியிருந்தால் பழம் கொடியில் போதிய நாள் இருந்திருக்கிறது. வெள்ளையாகவோ இளம்பச்சையாகவோ இருந்தால் வையுங்கள். நான் பார்க்கிற அடையாளங்களில் இதைத்தான் மிகவும் நம்புவேன்.

அப்புறம் தோல். பளபளவென்று மின்னுகிற பழம் பார்வைக்கு நல்லது, வாய்க்கு நல்லதல்ல. முற்றிய பழத்தின் தோல் சற்று மங்கிப்போயிருக்கும். பிறகு ஒரே அளவுள்ள இரண்டு பழங்களை இரண்டு கையிலும் தூக்கிப் பார்த்து, கனமானதை எடுங்கள். நூறு கிராம் வத்தகப்பழத்தில் தொண்ணூறு கிராமுக்கு மேல் தண்ணீர்தான். கனம் குறைந்தால் உள்ளே காய்ந்திருக்கலாம், கோறையாகவும் இருக்கலாம்.

தட்டிப் பார்ப்பது பற்றிக் கேட்பார்கள். யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலிச் சந்தையில் ஒருவர் பத்துப் பழத்தைத் தட்டிவிட்டு முதலில் தட்டினதையே வாங்கிக்கொண்டு போனதைப் பார்த்திருக்கிறேன். தட்டுவதில் விசயம் இல்லாமல் இல்லை: காயான பழம் கணீரென்று கேட்கும், பழுத்தது அடங்கின 'தொம்' என்று கேட்கும், அளவுக்கு மீறிப் பழுத்தது சத்தமே செத்துப்போயிருக்கும். ஆனால் சின்னப் பழத்தில் இந்த வேறுபாட்டைப் பிடிக்கப் பழகின காது வேண்டும். அடியில் உள்ள மஞ்சளைப் பார்ப்பது சுலபம்.

ஆண் பழம், பெண் பழம் என்கிறார்களே? நீளமானது ஆண், உருண்டை பெண், பெண்தான் இனிக்குமாம்.

பூவில்தான் ஆணும் பெண்ணும் உண்டு, பழத்தில் இல்லை. நீளமும் உருண்டையும் இனத்தைப் பொறுத்தவை.

வெள்ளரிப்பழம் வெடித்திருந்தால் வாங்கலாமா?

வெடிப்பதுதான் அதன் குணம். பழுத்ததும் உள்ளே சதை மாவாகிப் பருக்க, மெல்லிய தோல் தாங்காமல் பிளந்துவிடும். அதனால்தான் விற்பவர்கள் வாழைச்சருகாலோ ஓலையாலோ சுற்றிக் கட்டிவைக்கிறார்கள். புதிதாக வெடித்து, பிளவுக்குள் சதை வெள்ளையாகவோ இளமஞ்சளாகவோ ஈரமாக இருந்தால் தாராளமாக வாங்கலாம். பிளவின் ஓரம் பழுப்பேறியிருந்தால், புளித்த மணம் வந்தால், ஈ மொய்த்தால் வேண்டாம். வெடிப்பு என்பது திறந்த காயம். மண்ணும் தூசியும் உள்ளே போகும்.

மருதனார்மடத்தில் நான் வழக்கமாக வாங்குகிற அம்மா ஒருவர் இருக்கிறார். விலையைச் சொல்வதற்கு முன்னே கேட்பார்: "தம்பி, இண்டைக்குச் சாப்பிடவோ, நாளைக்கோ?" இன்றைக்கு என்றால் வெடித்த பழத்தை எடுத்துச் சருகோடு தருவார். நாளைக்கு என்றால் குவியலின் அடியில் கையை விட்டு, மஞ்சள் ஏறி இன்னும் வெடிக்காத ஒன்றை எடுத்து, காம்புப் பக்கத்தைப் பெருவிரலால் மெல்ல அமத்திப் பார்ப்பார். சற்றே இளகியிருந்தால்தான் தருவார், கல்லுப்போல இருந்தால் திரும்பக் குவியலுக்குள் போகும். "நாளைக்கு விடிய இது வாயைத் திறக்கும்" என்பார். ஒரு தடவையும் பிழைத்ததில்லை.

வெள்ளரிப்பழத்தில் வத்தகப்பழத்தின் இனிப்பை எதிர்பார்க்காதீர்கள். அது மணமும் குளிர்ச்சியும்தான். மசித்து, சர்க்கரை (வெல்லம்) தூவி, கொஞ்சம் தேங்காய்ப்பால் விட்டுச் சாப்பிட்டால் சித்திரை வெயில் தெரியாது. சீனியும் போடலாம், ஆனால் சர்க்கரையின் சுவை வராது.

முலாம்பழம்?

மூக்கை நம்புங்கள். காம்புக்கு எதிர்ப்பக்கத்தை முகர்ந்தால் இனிய மணம் வரவேண்டும். வலைக்குக் கீழே தெரிகிற தோல் பச்சையிலிருந்து மஞ்சளுக்கு மாறியிருக்கவேண்டும். காம்பு கழன்ற இடம் சுத்தமான குழியாக இருந்தால் பழம் தானாகக் கழன்றது. காம்பின் துண்டு ஒட்டிக்கொண்டிருந்தால் அநேகமாக முந்தி வெட்டியிருக்கிறார்கள்.

காயாக வாங்கிவிட்டேன். அரிசிக்குள் வைத்தால் பழுக்குமா?

மாம்பழத்துக்குச் செய்கிற வைத்தியம் இங்கே பலிக்காது. மாங்காயிலும் வாழைக்காயிலும் மாப்பொருள் சேர்ந்திருக்கும், பறித்த பிறகு அதுதான் சீனியாக மாறுகிறது. வத்தகப்பழத்தில் அப்படிச் சேமிப்பு இல்லை. இலையிலிருந்து கொடி வழியாக வருகிற சீனிதான் அதன் இனிப்பு. காம்பை வெட்டின நிமிடத்தோடு அந்த வரவு நின்றுவிடுகிறது. அதற்குப் பிறகு அரிசிக்குள் வைத்தாலும் வைக்கோலுக்குள் வைத்தாலும் இனிப்புக் கூடாது.

முலாம்பழமும் வெள்ளரிப்பழமும் கொஞ்சம் வேறு. பறித்த பிறகும் இளகும், மணம் கூடும். அதனால் பழுத்தது போலத் தெரியும். ஆனால் சீனி அதே அளவுதான். முற்றின முலாம்பழத்தை இரண்டு நாள் வெளியே வைப்பதில் பயன் உண்டு. முற்றாததை வைத்தால் மெத்தென்ற, சப்பென்ற பழம்தான் கிடைக்கும்.

இதை நானும் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். ஒரு நல்லூர்த் திருவிழாக் காலம். தம்பியின் பிள்ளைகள் கனடாவிலிருந்து வந்து நின்றார்கள், மறுநாள் கொழும்புக்குப் பயணம். பெரியப்பாவின் பழம் என்று காட்டவேண்டுமே என்ற அவசரத்தில், இன்னும் ஒரு கிழமை நிற்கவேண்டிய பழத்தை வெட்டினேன். உள்ளே ரோசாப்பூ நிறம், வாயில் வெள்ளரிப்பிஞ்சு. சின்னவள் மரியாதைக்கு ஒரு துண்டைத் தின்றாள்.

முழுப் பழத்தை பிரிட்ஜில் வைக்கவேண்டுமா?

வத்தகப்பழத்துக்குத் தேவையில்லை. அதற்குப் பிடித்தது 10 முதல் 15 பாகை. பிரிட்ஜுக்குள் நாலைந்து பாகைதான் இருக்கும், பல நாள் வைத்தால் தோலில் குழி விழும், சதையின் நிறமும் சுவையும் குறையும். நம் வீடுகளில் வெயில் படாத சீமெந்துத் தரையில் ஒரு சாக்கை விரித்து வையுங்கள், ஒரு கிழமை நிற்கும். சாப்பிடுவதற்கு மூன்று, நாலு மணித்தியாலம் முன்பு பிரிட்ஜில் வைத்தால் போதும்.

வாழைப்பழக் குலைக்கும் மாம்பழத்துக்கும் பக்கத்தில் வைக்காதீர்கள். அவை விடுகிற எதிலீன் வாயு வத்தகப்பழத்தின் சதையை மாவாக்கி, தோலையும் இளக்கிவிடும். எங்கள் வீட்டில் கதலிக் குலை தொங்குகிற அறையில் பழத்தை வைக்கிறதில்லை.

பழுத்த முலாம்பழத்தை பிரிட்ஜில் வைக்கலாம், நாலைந்து நாள் நிற்கும். வெள்ளரிப்பழம் வெடித்தால் அன்றைக்கே முடித்துவிடவேண்டும்.

வெட்டின பழம் எத்தனை நாள் நிற்கும்?

மூடின பாத்திரத்தில், பிரிட்ஜில், மூன்று நாள். வெளியே இரண்டு மணித்தியாலத்துக்கு மேல் வேண்டாம், நம் வெயிலுக்கு ஒரு மணித்தியாலமே அதிகம். புளிப்பில்லாத, ஈரமான சதை கிருமி வளர நல்ல இடம்.

வெட்டுவதற்கு முன் தோலைக் கழுவுங்கள். தோலைத் தின்னவா போகிறோம் என்று பலர் விட்டுவிடுவார்கள். ஆனால் கத்திதான் தோலில் இருக்கிறதை உள்ளே இழுத்துக்கொண்டு போகிறது. முலாம்பழத்தின் வலைக்குள் மண்ணும் கிருமியும் ஒளிந்திருக்கும். ஓடுகிற தண்ணீரில் தும்பால் தேய்த்துக் கழுவவேண்டும்.

ஊசியால் சிவப்புச் சாயம் ஏற்றுகிறார்களாமே?

ஊசி குத்தின பழம் அந்த ஓட்டை வழியே சீக்கிரம் அழுகும். ஒரு இடத்தில் ஏற்றின சாயம் சதை முழுவதும் சமமாகப் பரவவும் மாட்டாது. நடுவில் வெடிப்பும் வெற்றிடமும் இருப்பதைப் பார்த்துத்தான் பலர் சந்தேகப்படுகிறார்கள். மகரந்தம் சரியாகச் சேராவிட்டால், அல்லது வளர்ச்சி ஒரேயடியாகக் கூடிக் குறைந்தால் அப்படி வரும். தின்னலாம்.

நீரிழிவுக்காரர் சாப்பிடலாமா?

நூறு கிராமில் சீனி ஆறு, ஏழு கிராம்தான். ஒரு சின்னக் கிண்ணம் சாப்பிட்டால் பெரும்பாலானவர்களுக்குப் பிரச்சினை வராது. சாறாக்கிக் குடிப்பதும் பாதிப் பழத்தைக் கரண்டியால் கோலித் தின்பதும் வேறு கதை. வெள்ளரிப்பழத்தில் பழம் அல்ல, மேலே போடுகிற சர்க்கரைதான் ஆபத்து. உங்கள் அளவை உங்கள் வைத்தியரிடம் கேளுங்கள்.

எப்போது நடுவது?

யாழ்ப்பாணத்துக்கு மாசி. ஐப்பசி முதல் மார்கழி வரை வடகீழ்ப் பருவமழை, அப்போது நட்டால் கொடி அழுகும், தேனீயும் வராது. தையில் நெல்லறுத்த வயலில் ஈரம் இன்னும் கீழே நிற்கும்போது விதைத்தால் சித்திரை, வைகாசியில் பழம். சுகர் பேபிக்கு ஏறக்குறைய 75 முதல் 80 நாள் கணக்கு. வெயில் நேரம் பழுக்கிற பழம்தான் இனிக்கும், சாப்பிடவும் அப்போதுதான் ஆசை வரும். கிணற்றில் நல்ல தண்ணீர் உள்ளவர்கள் வைகாசியில் இன்னொரு தடவை நடலாம்.

எங்கள் கிணறு கொஞ்சம் சவர். சரிவருமா?

வாயில் வைத்தால் உப்புத் தெரிகிற தண்ணீர் என்றால் வேண்டாம். இலையின் ஓரம் முதலில் கருகும், பிறகு பிஞ்சு நிற்காது. நம் மண்ணுக்குக் கீழே சுண்ணாம்புக் கல், அதன் வெடிப்புகளுக்குள் மழைத்தண்ணீர் உவர்நீருக்கு மேலே மிதக்கிறது. நிலாவரைக் கிணற்றைப் பற்றிக் கேள்விப்பட்டிருப்பீர்கள்: மேலே நல்ல தண்ணீர், ஆழத்துக்குப் போகப் போக உப்பு. மற்றக் கிணறுகளிலும் இதே கதைதான், அளவுதான் வேறு. மெசினைப் போட்டு ஒரேயடியாக இறைத்தால் கீழே உள்ள உப்பு மேலே ஏறும். விடிய கொஞ்சம், பின்னேரம் கொஞ்சம் என்று இறையுங்கள், அடியில் வைக்கோலோ சருகோ பரப்பி ஈரத்தைக் காப்பாற்றுங்கள். ஆனி, ஆடியில் சவர் கூடுகிற கிணறு என்றால் மாசிப் போகத்தோடு நிறுத்திக்கொள்வது நல்லது.

விதைப்பது எப்படி?

ஓரடி ஆழ, ஓரடி அகலக் குழி. உக்கின மாட்டெருவையோ ஆட்டெருவையோ மேல்மண்ணோடு கலந்து நிரப்பி ஒரு கிழமை ஆறவிடுங்கள். சூடான எருவில் விதை வெந்துபோகும். வத்தகைக்கு வரிசைக்கு வரிசை ஆறடி, குழிக்குக் குழி மூன்றடி. விதையை இரவு முழுவதும் ஊறவைத்து, குழிக்கு மூன்றாக, விரல் நுனியளவு ஆழத்தில் போடுங்கள். ஐந்தாறு நாளில் முளைக்கும். நல்ல இரண்டை விட்டு மற்றதைக் கிள்ளிவிடுங்கள். பிடுங்கினால் பக்கத்துக் கன்றின் வேரும் ஆடும். வேர் ஆடுவது இந்தச் சாதிக்கே ஆகாது, ஆகவே நாற்றாகப் போடுகிறவர்கள் யோகட் கப்பில் போட்டு மண்கட்டியோடு இறக்கவேண்டும்.

முதல் இரண்டு இலை விரிந்ததும் செம்மஞ்சள் வண்டு வரும், இரவோடிரவாகச் சல்லடையாக்கிவிடும். காலைப் பனியோடு சாம்பல் தூவுங்கள். நாலைந்து இலை வந்த பிறகு அவ்வளவு பயமில்லை.

யூரியாவை அள்ளிக் கொட்டினால் கொடி வேலி தாண்டி ஓடும், பழம் இருக்காது. 2021இல் இரசாயனப் பசளை இறக்குமதியை நிறுத்தியபோது எல்லாரும் தவித்தோம். அந்தத் தடை நெல்லுக்கு அநியாயம் செய்தது. ஆனால் என் சின்னத் தறையில் ஆட்டெருவோடு வந்த வத்தகப்பழம் குறைவாக இருக்கவில்லை.

விதைப் பைக்கெற்றைப் பற்றி ஒரு மனத்தாங்கல். ஒரு கடையில் 'சிறிய இனம்' என்று சொல்லித் தந்ததை நம்பி நட்டேன், ஐந்து கிலோவில் வந்து நின்றது. இப்போது இனத்தின் பெயரும் காலாவதித் திகதியும் அச்சிட்ட பைக்கெற்றைத்தான் வாங்குகிறேன். சந்தேகம் வந்தால் உங்கள் பகுதிக் கமநல சேவை நிலையத்தில் விவசாயப் போதனாசிரியரைக் கேட்கலாம்.

நிறையப் பூக்குது, ஒண்டும் காய்க்கேல்லை. ஏன்?

முதலில் வருவது எல்லாம் ஆண் பூ. ஒரு கிழமை, பத்து நாள் பொறுங்கள். பின்பு பூவுக்குக் கீழே கொட்டைப்பாக்களவு குட்டிக் காயோடு பெண் பூ வரும். அது ஒரு காலைப்பொழுதுக்குத்தான் விரிந்திருக்கும். அந்த நேரத்துக்குள் தேனீ எட்டுப் பத்துத் தடவையாவது வந்துபோனால்தான் காய் வடிவாகப் பிடிக்கும். இல்லாவிட்டால் குட்டிக் காய் மஞ்சளாகி விழும், அல்லது ஒருபக்கம் சூம்பி வளரும்.

தேனீ இல்லாத இடத்தில் நீங்களே செய்யலாம். ஒன்பது மணிக்கு முன் புதிதாக விரிந்த ஆண் பூ ஒன்றைப் பறித்து, இதழைக் கிழித்துவிட்டு, நடுவில் உள்ள மஞ்சள் தூளைப் பெண் பூவின் நடுவில் தடவுங்கள். பூக்கிற காலத்தில் காலையில் மருந்து அடிக்கவே கூடாது.

பக்கத்தில் பாகல் நட்டதால்தான் பழம் கசக்குதா?

இல்லை. பாகலும் வெள்ளரியும் கலக்காது. சலாதுக்குப் போடுகிற நீளப் பச்சை வெள்ளரியும் வெள்ளரிப்பழமும்கூட வேறு வேறு இனம். வெள்ளரிப்பழமும் முலாம்பழமும் கலக்கும், ஆனால் அந்தக் கலப்பு இந்த வருடப் பழத்தில் தெரியாது, விதையை எடுத்து அடுத்த வருடம் நட்டால்தான் தெரியும். கசப்புக்குக் காரணம் குக்குர்பிட்டாசின் என்ற பொருள். தண்ணீர் இல்லாமல் கொடி வாடினால் கூடும், சில விதையில் பரம்பரையாகவும் வரும். கடுமையாகக் கசக்கிற பழத்தைத் துப்பிவிடுங்கள், சீனி போட்டுச் சமாளித்துத் தின்றால் வயிற்றைப் புரட்டும்.

பிஞ்சில் ஒரு புள்ளி விழுந்து அழுகிக் கொட்டுகிறது.

பழ ஈ. பிஞ்சின் தோலில் குத்தி முட்டையிடும், உள்ளே புழு. அதற்குப் பிறகு எந்த மருந்தும் எட்டாது. பிஞ்சு கோழி முட்டையளவு வருவதற்கு முன்பே கடதாசிப் பையால் மூடிக் கட்டிவிடுங்கள். விழுந்த பிஞ்சை வேலியோரம் வீசினால் அங்கேயே ஈ பெருகும். இரண்டடி ஆழத்தில் புதைக்கலாம், அல்லது பொலித்தீன் பையில் கட்டி வெயிலில் போடலாம். நான் பழைய பனையோலை உமலுக்குள் வைத்துக் கட்டிப் பார்த்தேன், இடுக்கு வழியே ஈ போய்விட்டது. கடதாசிதான் சரி.

தறை இல்லை. முற்றத்தில் உரப்பையில் வளர்க்கலாமா?

ஒரு பைக்கு ஒரு கொடி, பையில் பாதிக்கு மேல் மண், நாள் முழுக்க வெயில். பந்தலில் ஏற்றினால் இடம் மிச்சம். ஆனால் வத்தகப்பழம் தன் பாரத்தைக் கொடியில் தாங்காது, பழைய சீலையைக் கிழித்து ஏணை கட்டிப் பந்தலோடு முடியவேண்டும். கொடிக்கு இரண்டு காய் போதும். மிச்சத்தைப் பிஞ்சிலேயே எடுத்துப் பால்கறி வையுங்கள். வெள்ளரிப்பழக் கொடியைப் பந்தலில் ஏற்றாதீர்கள், வெடிக்கிற பழம் தலையில் விழும்.

எந்த நாள் பறிப்பது?

பூ சேர்ந்த நாளைக் குறித்துவைத்தால் சின்ன வத்தகைக்கு அதிலிருந்து முப்பது, முப்பத்தைந்து நாள். காம்பு கொடியில் சேர்கிற கணுவில் ஒரு சுருள் இருக்கும். அது அடியோடு காய்ந்து கபில நிறமானதும் பழத்தைக் கவிழ்த்து மஞ்சளைப் பாருங்கள். இரண்டும் பொருந்தினால் கத்தியால் காம்போடு வெட்டுங்கள். பறிக்க ஒரு கிழமை இருக்கும்போதே தண்ணீரைக் குறைத்துவிடவேண்டும். காயவிட்டுத் திடீரென்று நிறையப் பாய்ச்சினால் பழம் வெடிக்கும். முலாம்பழத்தை லேசாகத் தூக்கினால் தானாகக் கழரும். கழராவிட்டால் விட்டுவிட்டு நாளைக்கு வாருங்கள்.

தின்ற பழத்தின் விதையை நடலாமா?

வெள்ளரிப்பழத்தினது நடலாம். பக்கத்தில் முலாம்பழம் இல்லாதிருந்தால் தாயைப் போலவே வரும். நன்றாகப் பழுத்ததன் விதையைக் கழுவி, தண்ணீரில் மிதக்கிறதை ஊற்றிவிட்டு, நிழலில் உலர்த்தி, சாம்பலில் பிரட்டிப் போத்தலில் இறுக்கி மூடுங்கள். மூன்று, நாலு வருடம் முளைக்கும். கலப்பின வத்தகப்பழத்தின் விதை முளைக்கும், ஆனால் என்ன வரும் என்று சொல்லமுடியாது. எனக்கு ஒருமுறை மஞ்சள் கோடுபோட்ட பூசணி போல ஒன்று வந்தது, அதுவும் சப்பென்றுதான் இருந்தது.